மாவள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் வரலாறு

விழா மலர் ஒன்றிலே கல்லூரியை நிறுவிய பெரியோரின் தொண்டும், அதிபர் பெருமக்களின் ஆளுகையும், விளையாட்டு வீரரின் வெற்றியும் எழுதப்படுதல் மரபு. அவற்றை எழுதுதற்குத் தகுதி வாய்ந்தோர் இம்மலரிலே எழுதியுள்ளனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு சாப்பாட்டுக்கடை. இதனைக் கண்டு நகைப்போர் நகைப்பாராக. ஆயினும், பழைய மாணவர் இருவர் எங்கேனும் சந்தித்து உரையாடுமிடத்து, முதல் ஐந்து நிமிடம் ஆசிரியரைப் பற்றியும், எஞ்சிய நேரமெல்லாம் கல்லூரி வாயிலுக்கு அணித்தேயிருந்த கடையின் உழுந்து வடையைப் பற்றியுமே பேசுகின்றனர் என்பது, இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் நாம் கண்டறிந்த உண்மை. மனத்திலே இத்துணை ஆழமாக இடம்பிடித்த ஒன்று ஆராயத்தக்கதன்று எனத் தள்ளுதல் முறையாகாது.

ஈராண்டுகளுக்கு முன்னர், உறவினர் ஒருவரின் வைத்தியத்தின் பொருட்டுப் பெங்களூரிலே சில கிழமை தங்க நேர்ந்தது. அக்காலத்திலே, அந்நகரத்து இலால்பாக் பூங்காவுக்கு அருகிலுள்ள மாவள்ளி என்னும் பேட்டையிலே, அப்பேட்டையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட உணவு நிலையம் ஒன்றிலே காலையுணவு உண்டோம். 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்' என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'எம்.டி.ஆர்.' என அந்நகரத்தார் அழைப்பர். 1924ஆம் ஆண்டிலே தொடங்கிய அந்நிலையம் 2024ஆம் ஆண்டில் நூறாண்டு கண்டது. அதன் வரலாற்றைக் கேட்டும் படித்தும் அறிந்தபோது, கல்லூரி போன்ற நிறுவனம் ஒன்றை நடத்துவோரும் அதிலே பயின்றோரும் எண்ணிப்பார்க்கத்தக்க செய்தி அதிலே உண்டெனக் கண்டோம். அதனையே இங்கு விளக்க முயல்கின்றோம்.

உணவை விலைக்கு விற்றல் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகாரின் தெருக்களைக் கூறுமிடத்துப் பிட்டு விற்போரைக் காழியர் என்றும், அப்பம் விற்போரைக் கூவியர் என்றும் சுட்டுகின்றது. ஆனால் தின்பண்டம் விற்றல் வேறு. பசித்து வந்தோர்க்குச் சோறு விற்றல் வேறு. சோறு இடத்தக்கதேயன்றி விற்கத்தக்கதன்று என்பது நம் முன்னோர் கொள்கை. வழிச்செல்வோர்க்கு மடங்களும் சத்திரங்களும் இருந்தன. உற்றார் வீடும் இருந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுதுவினைஞராகவும் மாணவராகவும் தொழிலாளராகவும் ஊரை விட்டுப் பட்டினம் சேர்ந்த பல்லாயிரவர்க்கு இவ்விரண்டும் போதாவாயின. அவருக்கு நாள்தோறும் விலைக்கு உணவு வேண்டியிருந்தது. அப்போது ஒரு வினா எழுந்தது. வீட்டிலே அன்னை இடும் உணவை எவரும் ஐயுறுவதில்லை. முன்பின் அறியாத ஒருவன் திரைக்குப் பின்னே சமைத்து விற்கும் உணவை எதனைக்கொண்டு நம்புவது? மாவள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் வரலாறு முழுவதும் இவ்வினாவுக்குக் கூறப்பட்ட விடை எனலாம்.

தென் கன்னடக் கரையிலுள்ள உடுப்பி, கண்ணன் கோயிலாலும் அதனைச் சார்ந்த மடங்களாலும் பெயர்பெற்ற ஊர். அம்மடங்களிலே அடியார்க்கு உணவளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவ்வட்டாரத்தவர் சமையற் கலையில் வல்லுநராயினர். சென்ற நூற்றாண்டிலே தென்னிந்தியப் பட்டினங்கள் பலவற்றிலும் உணவு நிலையங்களை நிறுவினர். உடுப்பியை அடுத்த பரம்பள்ளி என்னும் சிற்றூரிலிருந்து பிழைப்பு நாடிப் பெங்களூருக்கு வந்த பரமேசுவர மையா, கணப்பய்யா மையா, யக்ஞநாராயண மையா என்னும் உடன்பிறந்தார் மூவரும் அத்தகையோரே. அவர்கள் 1924ஆம் ஆண்டிலே சிறிய கடையொன்றைத் தொடங்கினர். இட்டலியும் கோப்பியுமே அதன் பெயரை முதலிற் பரப்பின. பிற்காலத்திலே அதனைப் பெருநிலையமாக வளர்த்தவர் யக்ஞநாராயண மையா.

தொடக்கத்திலே அக்கடைக்கு இட்ட பெயர் 'பிராமின் கோப்பி கிளப்' என்பது. இப்பெயரை நாம் மறைத்துச் செல்லலாகாது. முன்பின் அறியாதவன் சமைத்த உணவை எதனைக்கொண்டு நம்புவது என்னும் வினாவுக்கு அக்காலத்தார் கூறிய எளிய விடை, சமைப்பவன் பிறந்த சாதியைப் பெயர்ப்பலகையிலே எழுதுதல். பெங்களூரில் மட்டுமன்றிச் சென்னையிலும் பிற பட்டினங்களிலும் இத்தகைய பெயர்கள் வழங்கின. பிறப்பே தூய்மைக்குச் சான்று என்னும் எண்ணம் அப்பெயர்களுக்குள் உறைந்திருந்தது.

இதனைக் கூறுமிடத்துப் பிறர் ஊரைப் பழித்து எம் ஊரைப் புகழ நாம் முற்படவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளின் வரலாறும் இத்தகையதே. ஒருவாற்றான் இதனினும் கொடியது. காசு கொடுத்தும் உள்ளே அமரவொண்ணாது, வாயிலிலே நின்று புறம்பான பேணியிலே தேநீர் பெற்றுச் சென்றோர் நம்மிடையே இருந்தனர். 1957ஆம் ஆண்டிலே சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் இந்நாட்டிலே இயற்றப்பட்டது. சட்டம் வந்தவுடன் கதவுகள் திறந்துவிடவில்லை. தேநீர்க்கடைப் பிரவேசம் என நூல்களிலே குறிக்கப்படும் போராட்டங்களின் பின்னரே அவை ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆதலால் ஓர் உணவுக்கடையின் வரலாறு என்பது எவர் எவருக்கு அருகே அமர்ந்து உண்டனர் என்பதன் வரலாறுமாகும். எமது பழைய மாணவர் எல்லோரும் கல்லூரி வாயிற் கடையை ஒரே வகையான மகிழ்ச்சியோடு நினைவுகூர முடியுமா என நாம் ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று.

இனி, மாவள்ளிக் கடையின் பெயர் உலகெங்கும் பரவக் காரணமாயிருந்த ரவை இட்டலியின் கதைக்கு வருவோம். 1942ஆம் ஆண்டிலே யப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றின. அந்நாட்டு அரிசியையே பெரிதும் நம்பியிருந்த இலங்கையும், இந்தியாவின் பல பகுதிகளும் திடீரெனத் தட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. இட்டலிக்கு முதற்பொருள் அரிசி. அரிசியில்லாத இட்டலிக்கடை நெசவுநூல் இல்லாத தறிக்கு ஒப்பாகும். கடையைச் சுருக்கியிருக்கலாம், கிடைத்த அரிசியோடு வேண்டாதனவற்றைக் கலந்து விற்றிருக்கலாம். மையா சகோதரரின் கடையிலே இவ்விரண்டும் நிகழவில்லை. கோதுமையிலிருந்து பெறப்படும் ரவையைக்கொண்டு இட்டலி அவிக்க முயன்று வெற்றி பெற்றனர். தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் அவ்விட்டலி நீங்கவில்லை. இன்று அது தென்னாட்டு உணவு நிலையங்கள் பலவற்றிலே வழங்குகின்றது.

இது தந்திரம் போலத் தோன்றினும் இதற்குள்ளே நுண்ணிய அறிவு உண்டு. நம் இல்லங்களில் அவிக்கும் இட்டலி இரவு முழுவதும் புளித்தல் வேண்டும். ஊறவைத்து அரைத்த அரிசியிலும் உழுந்திலும் இயல்பாகவே உள்ள நுண்ணுயிர்கள் பெருகி, புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உழுந்தின் பசைத்தன்மை அவ்வாயுவை வெளியேறவிடாது பிடித்துக்கொள்ளுதலால் மா பொங்குகின்றது. ஆவியிலே வெந்தபின் இட்டலி பஞ்சுபோலாகின்றது. ரவை இட்டலியிலோ இரவுக்காலத்து வேலை அரை மணி நேரத்திலே முடிகின்றது. தயிரின் புளிப்பும் சமையற் சோடாவும் சேருமிடத்து அதே வாயு உடனே பிறக்கின்றது. ரவையை முதலிலே நெய்யிலோ எண்ணெயிலோ வறுத்துக்கொள்வர். வறுக்காத ரவை நீர் பட்டவுடன் பசையாகித் திரளும். வறுத்த ரவை மணிமணியாய் நின்று வாயுவுக்கு இடங்கொடுக்கும். கடுகு, கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை, மரமுந்திரிகைப் பருப்பு என்பன சேர்த்து அவித்து, நெய்யும், உருளைக்கிழங்குக் கறியும், பச்சைச் சட்டினியும் உடன்வைத்துப் பரிமாறுவர்.

இக்கதை எமக்கு அயலானதன்று. அதே போர்க்காலத்திலே இலங்கையிலும் அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. கோதுமை மா நம் அடுக்களைகளிலே புகுந்தது. அரிசிமாவிலே பிட்டும் இடியப்பமும் அவித்துப் பழகிய நம் பாட்டிமாருக்குக் கோதுமை மா அடங்கவில்லை. நீர் விட்டதும் இழுபட்டது; உரலிலே ஒட்டியது. அதற்கு அவர்கள் கண்ட உபாயம், மாவைத் துணியிலே பொதிந்து முதலில் ஆவியில் அவித்து, கட்டியை உடைத்து அரித்துப் பின் குழைத்தல். அவித்தலால் கோதுமையின் இழுபடுந் தன்மை கெட்டு, அம்மா அரிசிமாவைப் போல் ஏவல் கேட்டது. பெங்களூரில் வறுத்தனர், யாழ்ப்பாணத்தில் அவித்தனர். இரண்டிடத்தும் நோக்கம் ஒன்றே. அங்கே அது ஒரு கடையின் பெயரால் வழங்குகின்றது. இங்கே பெயரறியாத பெண்களின் கைப்பழக்கமாய் நின்று, இன்றும் நம் வீடுகளில் அவித்த மாப் பிட்டாக விளங்குகின்றது. 1990களிலே பொருளாதாரத் தடையின் கீழ் வளர்ந்து, சீனியின்றிப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் பருகிய எம் போன்றோர்க்கு, இல்லாமையிலே பிறக்கும் அறிவை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1951ஆம் ஆண்டிலே யக்ஞநாராயண மையா ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்குள்ள உணவு நிலையங்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றன என அறிதலே அவர் நோக்கம். அங்கே அவரைக் கவர்ந்தவை தூய்மையும் ஒழுங்குமாம். திரும்பி வந்தபின் தம் நிலையத்திலே பாத்திரங்களை ஆவியினாற் சுத்திகரிக்கும் முறையைப் புகுத்தினார். அதனினுஞ் சிறந்த காரியம் ஒன்றும் செய்தார். உண்ண வருவோர் சமையலறையைக் கண்ணாரக் கண்டு செல்லுமாறு ஒழுங்கு செய்தார். சமையலறையை மறைத்துவைப்பதே கடைக்காரர் வழக்கமாயிருந்த காலம் அது.

1960ஆம் ஆண்டிலே நிலையம் இலால்பாக் வீதியில் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. பெயரும் மாறியது. சாதியைச் சுட்டிய பழைய பெயர் நீங்க, பேட்டையைச் சுட்டும் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் பெயர் வந்தது. 'டிபன்' என்பது இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் இடையுணவுக்கு வழங்கிய சொல். சிற்றுண்டி என நாம் கூறுவது அதுவே. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்குமிடத்து நமக்கு ஒன்று புலனாகின்றது. சமைப்பவன் பிறப்பைப் பலகையில் எழுதி நம்பிக்கை தேடிய கடை, சமைக்கும் இடத்தைத் திறந்துகாட்டி நம்பிக்கை தேடும் கடையாயிற்று. கண்ணாற் காணத்தக்க தூய்மை வந்தபின், காணவொண்ணாத தூய்மைக்கு விளம்பரம் வேண்டுவதில்லை. பெயர் மாற்றத்துக்கு உரிமையாளர் கருதிய காரணம் எதுவாயினும், அதன் பயன் இதுவெனவே நாம் கருதுகின்றோம். ஒரு குலத்தின் பெயர் போய், ஓர் ஊராரின் பெயர் நின்றது.

இவ்வரலாற்றிலே மிகக் கடிய சோதனை 1975ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு யூன் மாதத்திலே இந்தியாவில் நெருக்கடி நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. உணவு நிலையங்கள் மிகக் குறைந்த விலைக்கே உணவு விற்றல் வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. ஏழைகள் மலிவாக உண்ணவேண்டுமென்னும் எண்ணத்தை நாம் குறைகூற மாட்டோம். அக்காலத்திலே பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்று, மரவள்ளிக்கிழங்கு உண்டு பாடசாலைக்கு வந்த எமது பழைய மாணவர் அவ்வெண்ணத்தின் நியாயத்தை நன்குணர்வர். ஆனால் விலையைச் சட்டத்தினாற் குறைக்கலாம். நெய்யின் விலையையும் பருப்பின் விலையையும் அச்சட்டம் குறைக்கவில்லை. ஆகவே கடைக்காரர் முன் மூன்று வழிகள் இருந்தன. நெய்க்குப் பதிலாகத் தாழ்ந்த எண்ணெயை வார்த்து, இட்டலியைச் சிறிதாக்கி, கோப்பியிலே நீரைக் கூட்டித் தப்பிக்கொள்ளுதல் ஒன்று. முன்போலவே சமைத்து நட்டமடைதல் மற்றொன்று. கடையைப் பூட்டுதல் மூன்றாவது.

மாவள்ளிச் சிற்றுண்டிச்சாலையார் முதல் வழியை ஏற்கவில்லை. சிறிது காலம் பழைய தரத்திலேயே சமைத்துப் புதிய விலைக்கு விற்றனர் என்றும், நாள்தோறும் உண்டான நட்டத்தை வாயிலிலே எழுதிவைத்தனர் என்றும் அந்நகரத்தார் இன்றும் கூறுவர். ஈற்றிலே கடையைப் பூட்டினர். தரத்தைக் குறைத்துக் கடையைக் காப்பதிலும், கடையைப் பூட்டித் தரத்தைக் காப்பதே நன்றெனத் துணிந்தனர். யக்ஞநாராயண மையா அப்போது உயிரோடில்லை. அவர் மரபினரே இம்முடிவைச் செய்தனர். ஒரு நிறுவனத்தை அமைத்தவனுடைய கொள்கை அவன் மறைந்த பின்னரும் நிற்குமாயின், அதனையே நாம் மரபு என்கின்றோம்.

பூட்டிய கடையிலிருந்து ஒரு புதுத்தொழில் கிளைத்தது. சமையற்காரரும் பிற தொழிலாளரும் வேலையிழந்து அலையாதிருத்தற்காக, வீட்டிலே நீரோ தயிரோ சேர்த்து உடனே சமைக்கத்தக்க மாக்கலவைகளைப் பொதிகளிலே அடைத்து விற்கத் தொடங்கினர் என்பர். ரவை இட்டலி இதற்கு மிகப் பொருத்தமாயிற்று. இரவு முழுவதும் புளிக்கவேண்டிய மாவைப் பொதியில் அடைக்க முடியாது. வறுத்த ரவையையோ எத்தனை நாளும் அடைத்து வைக்கலாம். போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக வந்த இட்டலி, முப்பதாண்டு கழித்து மற்றொரு நெருக்கடிக்கும் மருந்தாயிற்று. அப்பொதித் தொழில் பெருகித் தனி நிறுவனமாகி, 2007ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டு ஓர்க்லா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இன்று வெளிநாடுகளில் வாழும் எமது பழைய மாணவர் கடைகளிலே காணும் எம்.டி.ஆர். பொதிகள் அந்நிறுவனத்தினுடையவை. உணவு நிலையமோ மையா குடும்பத்தாரிடமே நின்றது. 1984ஆம் ஆண்டிலே அது மீண்டுந் திறக்கப்பட்டது. பின்னர்ப் பெங்களூரின் பிற பகுதிகளிலும், சிங்கப்பூர், துபாய் முதலிய வெளியூர்களிலும் கிளைகள் தோன்றின.

நாம் சென்ற காலையிலே அங்கே பெருங்கூட்டம். பெயரைப் பதிவுசெய்து காத்திருந்தோம். இலால்பாக்கிலே காலைநடை முடித்து வந்த முதியோரும், பிள்ளைகளோடு வந்த குடும்பத்தாரும், பணிக்குச் செல்லும் இளைஞரும் எம்மோடு காத்திருந்தனர். தனி மேசை வேண்டுமென எவரும் கேட்கவில்லை. இடமுள்ள மேசையிலே அறியாதாரும் ஒருங்கே அமர்த்தப்பட்டனர். எமது மேசையிலே கன்னடம் பேசுவோர் இருவரும், தெலுங்கு பேசும் அம்மையார் ஒருவரும் இருந்தனர். வெள்ளித் தம்ளரிலே கோப்பி வந்தது. எம்முடன் வந்த உறவினர், நோயின் காரணமாகப் பல நாளாக உணவை வெறுத்திருந்தவர், ரவை இட்டலி இரண்டை உண்டு முடித்து, "தம்பி, வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றார். வேறொன்றுங் கூறவில்லை. சோறு விற்பவனை எதனைக்கொண்டு நம்புவது என்னும் வினாவுக்கு அதனினும் சுருங்கிய விடையை நாம் எந்நூலிலும் கண்டதில்லை.

ஒரு கடையின் வரலாறு கல்லூரியொன்றின் விழா மலரிலே இடம்பெறுதற்கு நியாயம் யாது? அந்நிலையம் நூறாண்டிலே மாற்றியவற்றை எண்ணிப்பாருங்கள். இடத்தை மாற்றியது, பெயரை மாற்றியது, பாத்திரந் துலக்கும் முறையை மாற்றியது, இட்டலியின் தானியத்தையே மாற்றியது. மாற்ற மறுத்தது ஒன்றே: உண்ண வருவோன் வைத்த நம்பிக்கை. எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்னும் பகுத்தறிவு இல்லாத நிறுவனங்கள் இருவகையாகக் கெடுகின்றன. சில, மாறவேண்டியவற்றைப் பழைமை எனப் போற்றிக் கெடுகின்றன. சில, மாறக்கூடாதவற்றைக் காலத்தின் தேவை எனக் கைவிட்டுக் கெடுகின்றன. கல்லூரியும் ஒருவகையிலே சமையலறையே. ஊரார் தம் பிள்ளைகளை நம்பி எம்மிடம் விடுகின்றனர். எம் சமையலறைக் கதவு அவர்களுக்குத் திறந்திருக்கின்றதா, எல்லார் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்கின்றனரா, தேர்ச்சி வீதம் காட்டுவதற்காக நெய்க்குப் பதில் எண்ணெய் வார்க்கின்றோமா என ஆசிரியராகிய நாம் எம்மையே வினவுதல் வேண்டும்.

பழைய மாணவராகிய நீங்கள் இவ்விழாவுக்கு வந்து, கல்லூரி வாயிலைக் கடக்கும்போது, அவ்விடத்து நீங்கள் உண்ட வடையையும் பருகிய தேநீரையும் நிச்சயமாக நினைவுகூர்வீர்கள். அக்கடையை நடத்தியவரின் கடன்கொப்பியிலே தீர்க்கப்படாத கணக்கு உங்களுள் எத்தனை பேருக்கு உண்டோ, நாம் அறியோம். பசித்த மாணவனிடம் காசில்லை எனக் கண்டும் தட்டை வைத்த அந்தக் கையும் உங்களை வளர்த்த கைகளுள் ஒன்று. உங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் பெயரைச் சொல்லுமிடத்து, அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.